ரொஹானியிடம் குடை கேட்ட நாள்

கேண்டீனில் வைத்துக் கேட்டுவிட்டேன்.
"என் பச்சைக் குடை எங்கே?
போன வாரம் வாங்கிப் போனாயே,
கைப்பிடியில் நூல் சுற்றியது."
ரொஹானி நாசி லெமாக் பொட்டலத்தைப்
பாதி பிரித்தபடி என்னைப் பார்த்தாள்.
என்னிடம் பச்சைக் குடையே இல்லை.
எப்போதும் இருந்ததில்லை.
அந்த நூலின் பிசுபிசுப்பு மட்டும்
இன்னும் விரலில் இருக்கிறது.

இப்படித்தான் ஆகிவிட்டது.

பாயான் லெப்பாசில் பன்னிரண்டு மணி நேரம்
நுண்ணோக்கிக்குத் தலையைக் கொடுத்து
நகத்தைவிடச் சிறிய சில்லுகளில்
கீறல் தேடுகிறேன்.
நல்லது இந்தத் தட்டு, கெட்டது அந்தத் தட்டு.
ரெலாவ் பிளாட்டுக்கு வந்து
குளித்து, சாப்பிட்டு, கண்ணை மூடினால்
பஞ்ச் கார்டு அடிக்கும் சத்தம்.
அடுத்த வேலை தொடங்கிவிடும்.

கனவென்றால் மங்கலாக இருக்குமாம்.
எனக்கு எல்லாமே தெளிவு.
ஜெலுத்தோங் மார்க்கெட்டில் தெங்கிரி
கிலோ முப்பத்தெட்டு வெள்ளி.
பேரம் பேசி முப்பத்தைந்துக்கு வாங்குகிறேன்.
மீதிக் காசை எண்ணுகிறேன், சரியாக இருக்கிறது.
அப்புறம் அந்த மீன்
பைக்குள் இருந்தபடியே
என் அடையாள அட்டை எண்ணைச் சொல்கிறது,
ஓர் இலக்கம்கூடத் தப்பாமல்.
பாலத்தின் நடுவே கடல் ஏறி வருகிறது.
நான் ஒருத்திதான் துடைக்க வேண்டும்.
மொப் வாங்கிக்கொண்டு
கையெழுத்தும் போடுகிறேன்.

விடிந்தால் தோள்பட்டை வலிக்கிறது.
கடலைத் துடைத்ததற்கு
ஓவர்டைம் எவன் கொடுப்பான்?

ஏன் காலையிலிருந்து பேசவில்லை
என்று குணாளன் கேட்டார்.
நேற்று ராத்திரி நீங்கள் வீட்டை விற்றீர்கள்,
என் தையல் மெஷினையும் சேர்த்து
என்று எப்படிச் சொல்வது?
சொன்னேன்.
மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர்.
சற்றுப் பொறுத்து,
"எவ்வளவுக்கு விற்றேன்?" என்றார்.

டாக்டர் ஊய் கண்ணுக்குள் லைட் அடித்தார்.
லேட்டாகச் சாப்பிடாதே.
படுத்தபடி போன் பார்க்காதே.
ஷிப்ட் மாற்ற முடியுமா கேள்.
வருவதை எழுதி வை.
மாத்திரை கேட்டேன். முதலில் இது என்றார்.
சூப்பர்வைசர் இரண்டு மாதம் பொறு என்றார்.
போனை அரிசி டின்மேல் வைத்தேன்.
நோட்டு, இரண்டு வெள்ளி தொண்ணூறு.

எனக்கு எழுத வராது.
கம்பெனி ரிப்போர்ட் மாதிரிதான் வந்தது.
தேதி. குறை. கண்ட இடம். எடுத்த நடவடிக்கை.
*கடல். அளவுக்கு மேல். பாலம். துடைத்தோம்.*
படித்துவிட்டு நானே சிரித்தேன்,
மூன்று மணிக்கு, சமையலறையில்,
ஐஸ்பெட்டி உறுமும் சத்தத்துக்கு நடுவே.
"துடைத்தோம்" என்று எதற்கு எழுதினேன்?
கூட யார் இருந்தார்கள்?
அதற்கப்புறம் ஆறு மணிவரை
ஒன்றும் நினைவில்லை.
நினைவில்லாதது எவ்வளவு ருசி.

மறுநாளே பரீட்சை வந்தது.
கேள்வித்தாள் முழுக்க ஹோக்கியனில்.
எதிர்வீட்டுப் பூனைதான் கண்காணிப்பாளர்.
அதையும் எழுதினேன்.
எழுதினால் போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை.
பசியாறும்போது கூடவே உட்கார்ந்து
கோப்பி கேட்காமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது ஒரு வழக்கம் பிடித்திருக்கிறேன்.
எங்கே நின்றாலும் கையைப் பார்ப்பது.
உறை இருந்தால் வேலை.
உறை இல்லையா,
எவன் மொப் நீட்டினாலும் வாங்காதே.
பாதி நாள் மறந்துபோகிறது.
வாங்கித்தான் விடுகிறேன்.

போன வியாழன்
பாலிக் புலாவ் பஸ்சுக்கு நின்றேன்.
மழை. நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை.
கையைப் பார்த்தேன்.
வெறுங்கை.
உட்கார்ந்தேன்.
பஸ் வரவில்லை. வெகுநேரம் வரவில்லை.
அவசரமில்லை என்று
யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன்.
பெஞ்சின் அந்த மூலையில்
சொட்டிக்கொண்டு சாய்ந்திருந்தது
ஒரு பச்சைக் குடை.
தொடவில்லை.
ரொஹானி வந்தால்
எடுத்துப் போகட்டும்.